பங்காளி

சேதராப்பட்டு, இரண்டாம் ஷிப்ட்.
என் மேஜைக்கு வரும்போது அதற்குப் பெயர் இல்லை.
உள்ளங்கை அகல அலுமினியம், ஏழு துளை.
காருக்குள் யாரும் குனிந்து பார்க்காத இடத்தில்
ஸ்டியரிங் மோட்டாரைத் தாங்கப் போவது.
கேஜில் வைக்கிறேன்.
இருபது மைக்ரானுக்குள் நின்றால்
இடப்பக்கம் குளோத்தீல்டிடம் தள்ளுகிறேன்.
அவள்தான் பெயர் வைப்பாள்.
ஒரு டிரேவுக்கு நீலச் சீட்டு, அடுத்ததற்குச் சாம்பல் சீட்டு,
நீலம், சாம்பல், நீலம்,
இட்லி ஊற்றுகிற வேகத்தில்.

நீலக் கம்பெனிக்கும் சாம்பல் கம்பெனிக்கும்
மூன்று தலைமுறைப் பகையாம்.
இவன் விளம்பரத்தில் அவன் கார்
பின்கண்ணாடியில் பொட்டு மாதிரி சிறுத்துப்போகுமாம்.
இப்போது மின்சாரக் கார் செய்ய
இரண்டு பேர் மடியிலும் தனித்தனியாகக் கனமில்லை.
அச்சுச் செலவு ஆளுக்குப் பாதி.
சுவரில் மோதி உடைத்துப் பார்க்கிற செலவும் பாதி.
திருவேங்கடம் சார் கேன்டீனில் கூட்டம் போட்டுச் சொன்னார்:
"இனி அவங்க கூட்டாளிங்க.
ஆனா போட்டிக்காரங்களும்தான்.
குழப்பிக்காதீங்க."

குழப்பமே இல்லை சார்.
அதற்கு எங்கள் வீட்டில் ஒரே சொல்.

தொண்டமாநத்தத்தில் என் வீட்டுக்காரரும்
அவர் பெரியப்பா மகன் நாகமுத்துவும்
ஒரு முழ வரப்புக்காக
வில்லியனூர் ஸ்டேஷன் வரை போனவர்கள்.
காதுகுத்துக்குப் பத்திரிகை கிடையாது.
சாவுக்கு வந்தாலும் பந்தலுக்கு வெளியேதான்.
போர்வெல் மட்டும் ஒன்று.
ஒற்றைப்படைத் தேதி எங்களுக்கு, இரட்டைப்படை அவர்களுக்கு.
முப்பத்தொன்று வருகிற மாதமெல்லாம் சண்டை.
காயில் எரிந்துவிட்டால்
ஒரே பைக்கில்
மோட்டாரை நடுவில் படுக்கவைத்து
ரீவைண்டிங் கடைக்குப் போவார்கள் இரண்டு பேரும்,
ஒரு வார்த்தை பேசாமல்,
மீதிச் சில்லறையைக்கூடக் கடைக்காரர்தான் பிரித்துக் கொடுக்கவேண்டும்.

செவ்வாய்க்கிழமை நீலத்துக்கு ஆடிட்.
சாம்பல் பெட்டிகளுக்குத் தார்ப்பாய் போர்த்தினோம்.
வியாழக்கிழமை சாம்பலுக்கு.
அதே தார்ப்பாய் இந்தப் பக்கம் வந்தது.
புனேயிலிருந்து வந்தவர் அதைப் பார்த்தார்,
என்னவென்று கேட்கவில்லை.
சம்பந்தம் பேசப் போன இடத்தில்
முறிந்துபோன முதல் நிச்சயத்தை
யாரும் கேட்காத மாதிரி.

மூடாமல் விட்டது ஒன்றுதான்.
கழித்துப் போட்டவை கிடக்கும் சிவப்புத் தொட்டி.
இருபத்தொரு மைக்ரான், இருபத்திரண்டு,
ஓரத்தில் ஒரு மயிரளவு கீறல்.
அதற்குச் சீட்டு இல்லை.
நீலமாகாததும் சாம்பலாகாததும்
ஒன்றின்மேல் ஒன்று.
அந்தச் செலவில் பாதி கேட்டு யாரும் வருவதில்லை.
மாதக் கடைசியில்
எங்கள் இன்சென்டிவில் பிடிப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை, கோரிமேடு சிக்னல்.
குளோத்தீல்டின் ஸ்கூட்டியில் பின்னால் நான்.
இடப்பக்கம் எங்கள் நீலம், வெள்ளைக் காராக.
வலப்பக்கம் எங்கள் சாம்பல், கறுப்புக் காராக.
பாண்டிக்கு வந்து திரும்புகிற சென்னை வண்டிகள்.
ஓட்டுகிறவர்கள் எங்கள் தலைக்கு மேலே
ஒருவர் காரை ஒருவர் அளந்தார்கள்,
மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்ப்பதுபோல.
பச்சை விழுந்ததும் சீறினார்கள்.

குளோத்தீல்டு திரும்பாமலே சொன்னாள்:
"போன மாசம் கரண்டு போய் வந்துச்சே,
அன்னைக்கு ஒரு டிரே மாத்தி ஒட்டிட்டேன்டி."

எத்தனை?

"நாப்பது."

யாராவது கண்டுபிடிச்சா?

"எதை வெச்சு?"

பின்னால் டெம்போக்காரன் ஹாரனை அழுத்தினான்.
அவள் சிரித்த சிரிப்பில்
ஸ்கூட்டி இரண்டு முறை அணைந்தது.

இன்றைக்குத் தேதி முப்பத்தொன்று.
நாளைக்கும் ஒற்றைப்படை.
நாகமுத்து இந்நேரம்
ஸ்விட்ச் பெட்டிக்குப் பக்கத்தில்
நாற்காலி போட்டிருப்பார்.